எருமை கிடந்த பள்ளங்கள்: சம்மாந்துறை – வீரமுனை வயற்புறத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

எமது பிரதேசத்து வேளாண்மை வரலாறு என்றதும் குளம், வாய்க்கால், வட்டை, போடியார், வட்டவிதானை என்றுதான் பேச்சு வரும். வயலை மிதித்துச் சேறாக்கியதும், களவெட்டியில் சூடு மிதித்து நெல்லைப் பிரித்துத் தந்ததும் எருமைதான். ஆனால் அந்த வரலாற்றில் அது ஓரத்திலேயே நிற்கிறது. சம்மாந்துறையை ஒட்டிய வீரமுனைப் பக்கத்தில் முஸ்லிம்களின் வயலும் தமிழரின் வயலும் வரம்போடு வரம்பாகக் கிடக்கின்றன. அந்த வயல்களுக்கிடையே எருமைகள் கிடந்து எழும்பிய பள்ளங்களும் இருந்தன. அவை ஏன் இருந்தன, ஏன் இல்லாமற் போயின என்பதை விளங்க வேண்டுமானால் முதலில் எருமையின் உடலை விளங்க வேண்டும்.

எருமையின் உடல் வெப்பம் சாதாரணமாக 38 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே நிற்கும். வெளியே வெயில் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே அந்த அளவு பெரிதாக மாறக்கூடாது. மூளையின் அடியிலுள்ள ஹைபோதலமஸ் என்ற சிறு பகுதி இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சூடு கூடினால் தோலுக்கு இரத்தத்தை அதிகம் அனுப்பும், வியர்க்க வைக்கும், மூச்சை வேகப்படுத்தும். எருமைக்குச் சிக்கல் வருவது இங்கேதான். அதன் கறுத்த தோல் வெயிலை உறிஞ்சும். உரோமம் குறைவு என்பதால் மறைப்பும் இல்லை. வியர்வைச் சுரப்பிகளோ மாட்டை விட மிகக் குறைவு. ஆகவே அது நீரைத் தேடுகிறது. நீர், காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடம்பில் அப்பிய சேறு மெல்ல மெல்லக் காயும்போது வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. இலையானும் உண்ணியும் கடிக்காமலும் காக்கிறது. நிழலும் நீரும் கிடைத்தால் எருமை மாட்டை விடச் சீக்கிரம் ஆறிவிடும். கிடைக்காவிட்டால் தீன் தின்னாது, பால் வற்றும், சினைப்படுவதும் தவறும்.

உடலுக்குள் ஒரு சமநிலை உண்டு என்ற சிந்தனை பழையது. 1037இல் மறைந்த இப்னு சீனா தமது 'அல் கானூன்' நூலில் சூடு, குளிர், ஈரம், வறட்சி ஆகியவற்றின் கலப்பை 'மிசாஜ்' என்று விளக்கினார். யூனானி வைத்தியர்கள் இன்றும் அச்சொல்லைக் கையாள்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குளோட் பெர்னார்ட் உடலின் 'உட்சூழல்' மாறாதிருப்பதைப் பற்றிப் பேசினார். 1926இல் அமெரிக்கரான வால்ட்டர் கனன் அதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயரிட்டார். மிசாஜும் இதுவும் ஒன்றே என்று சொல்லிப் பெருமைப்படத் தேவையில்லை. பெர்னார்டும் கனனும் பரிசோதனை செய்து கண்டது வேறு வகை அறிவு. ஆனால் இரு தரப்பாரையும் யோசிக்க வைத்த கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒட்டகத்தோடு ஒப்பிட்டால் எருமையின் நிலை இன்னும் தெளிவாகும். 1950களில் அல்ஜீரியப் பாலைவனத்தில் குனூட் ஷ்மிட் நீல்சன் ஒட்டகங்களை ஆராய்ந்தார். தண்ணீர் இல்லாத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலை ஏறத்தாழ 34 பாகையாக இறங்கி, பிற்பகலில் 40 பாகையைத் தாண்டுவதைக் கண்டார். பகலில் சேர்த்த சூட்டை அது இரவில் விட்டுவிடுகிறது, வியர்வையில் நீரைச் செலவழிப்பதில்லை. எருமைக்கு அந்த வழி இல்லை. தன் உடலின் சமநிலைக்கு அது நிலத்தை நம்பியிருக்கிறது.

இதை எங்கள் ஊர்ப் பட்டிக்காரர்கள் புத்தகம் படித்து அறியவில்லை. வாப்பா சொல்லுவார்: "மாடு வெயிலத் தாங்கும் மகன், எரும தாங்காது. வெயில் ஏறினாப் பொறகும் பூட்டி வச்சா அது படுத்துடும். மறுகா எழுப்ப ஏலா." அதனால்தான் உழவு விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்தது. சூடு மிதிப்பும் இரவில் நடந்தது. பொலி குவிய விடிந்துவிடும். மனிதர் உறங்கும் நேரத்தையும் உழைக்கும் நேரத்தையும் ஒரு மிருகத்தின் வியர்க்காத தோல் தீர்மானித்தது என்றால் அது மிகையல்ல.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு சேனநாயக்க சமுத்திரம் உருவானது. நீர் வந்தது, வயல் பெருகியது. அதே வேகத்தில் தரிசும் மேய்ச்சல் தரையும் வயலாகின. உழவு இயந்திரம் வந்ததும் எருமையின் வேலையும் போயிற்று. வேலை இல்லாத மிருகத்துக்குப் பள்ளம் எதற்கு என்று அதையும் நிரப்பி வரம்பு கட்டினார்கள். எருமைக்குப் பால், தயிர் என்ற ஒரு பயன்தான் மிஞ்சியது.

பிறகு போர் வந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும் இரத்தம் சிந்தியது. வரம்போடு வரம்பாக வேளாண்மை செய்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சிய காலம் அது. பட்டி பார்க்க மேற்கே போவது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயிற்று. பட்டி கலைந்தவர்கள் இரு சமூகத்திலும் உண்டு.

இன்று தயிர் முட்டி வாங்குகிறோம், எருமைத் தயிர்தானா என்று கேட்டும் வாங்குகிறோம். ஆனால் அந்த எருமை நண்பகலில் எங்கே கிடக்கும் என்று கேட்பதில்லை. கோடை வருடத்துக்கு வருடம் கடுமையாகி வருகிறது. மேய்ச்சல் தரை பற்றிய கூட்டங்களில் புல்லைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. மிஞ்சியிருக்கும் பள்ளங்களையும் நிழல் மரங்களையும் கணக்கெடுத்து, நிரப்பாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். எந்தப் பள்ளம் எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய பழைய பட்டிக்காரர்கள் சம்மாந்துறையிலும் வீரமுனையிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாகப் போய் அவர்களிடம் கேட்டு எழுதினால், அது எருமையின் வரலாறாகவும் இருக்கும், எங்கள் வரலாறாகவும் இருக்கும்.