கோயில் வீதியும் சீசன் கடையும்: தென்காசி, குற்றாலம் வணிகத் திட்டமிடலின் வரலாறு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டின் கடைவீதிகளும் வெவ்வேறு காலக் கணக்கில் இயங்குகின்றன. தென்காசியில் ஆண்டு முழுவதும் வியாபாரம் நடக்கிறது. குற்றாலத்தின் வியாபாரமோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தையும், அதன்பின் ஐயப்ப பக்தர்கள் வரும் மாதங்களையும் நம்பியிருக்கிறது. இவ்விரு ஊர்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்திய விதிகள் எப்படி உருவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்விதிகள் ஊரில் குடியிருப்போரை எண்ணின, வந்துபோவோரை எண்ணவில்லை. அதனால் சீசன் வியாபாரம் நகரத் திட்டத்துக்குள் இடம்பெறாமல் கடை இடங்களின் ஏலக் கணக்கோடு நின்றுவிட்டது என்பதே இதன் வாதம்.

கோயில் வகுத்த வணிக மையம்

தென்காசியின் முதல் நகரத் திட்டம் காசி விசுவநாதர் கோயில்தான். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய அக்கோயிலைச் சுற்றியே வீதிகளும் சந்நிதிக் கடைகளும் அமைந்தன. தேர் ஓடுவதற்கு வேண்டிய அகலம் வீதியின் அகலத்தையும், திருவிழா நாட்கள் கொள்முதலின் காலத்தையும் நிர்ணயித்தன. குற்றாலத்திலும் திருக்குற்றாலநாதர் கோயிலும் பேரருவியும் அருகருகே இருப்பதால் கடைகள் அங்கேயே குவிந்தன.

ரயில் வந்ததும் தென்காசியின் எல்லை விரிந்தது. 1904இல் செங்கோட்டை மலைப்பாதை வழியே கொல்லத்துக்குத் தொடர்பு கிடைத்தது. 1927இல் விருதுநகர்ப் பாதை திறக்கப்பட்டது. கோயிலைச் சுற்றியிருந்த சந்தை மலைக்கு அந்தப் பக்கத்துக்கும் சரக்கு அனுப்பும் ஊராக வளர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்ததும் மாநில எல்லை மேற்கே நகர்ந்தது. கேரள வியாபாரத்தின் வாசலாகத் தென்காசி வட்டாரம் நிலைத்தது.

1920: சுகாதாரத்தின் வழியே ஒழுங்கு

நவீன நகரத் திட்டமிடல் சென்னை மாகாணத்துக்கு வந்தது நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914இல் இங்கு வந்ததை ஒட்டியே. ஒரு நகரைத் திருத்துவதற்கு முன் அதை நடந்து பார்த்து ஆராய வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டமும் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் பிறந்தன. முன்னது சாலைகளையும் மனைகளையும் வகுக்கும் அதிகாரத்தைத் தந்தது. பின்னது சந்தைகளுக்கும் குறிப்பிட்ட தொழில்களுக்கும் உரிமம் வழங்கியது. கடைவீதிகளின் அன்றாட வாழ்வைத் தொட்டது பின்னதுதான். இறைச்சிக் கடை எங்கே இருக்கலாம், தொழிற்கூடத்தால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை உண்டா என்பவையே அதன் கேள்விகள். வியாபாரம் எந்தத் திசையில் வளர வேண்டும் என்று அது கேட்கவில்லை. நகராட்சிக்குச் சந்தை ஒரு வருவாய் இனமாகவே இருந்தது.

1971: நிலப் பயன்பாட்டின் வருகை

வியாபாரம் எங்கே வளர வேண்டும் என்ற கேள்வியைத் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 எழுப்பியது. முழுமைத் திட்டம், விரிவு அபிவிருத்தித் திட்டம் ஆகியவற்றின் மூலம் குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பகுதிகளை வரையறுக்க அது வழிசெய்தது. ஆயினும் கீழே கடையும் மேலே வீடும் பின்னால் கிடங்கும் கொண்ட கோயில் வீதிக் கட்டடங்களை ஒரே நிலப் பயன்பாட்டுக்குள் அடைப்பது கடினம். 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் பக்கவெளி, வாகன நிறுத்த நிபந்தனைகள் புதுச் சாலையோர மனைகளுக்கு எளிதில் பொருந்துகின்றன. பழைய குறுகிய மனைகளுக்குப் பொருந்துவதில்லை. அதே ஆண்டு நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபின், புதிய அலுவலகங்களின் ஈர்ப்பும் இதோடு சேர்ந்துகொண்டது. விதியைப் பின்பற்ற விரும்பும் வியாபாரி ஊர் நடுவைவிட்டு வெளியேறுவதே எளிது என்றாகிவிடுகிறது.

குற்றாலம்: பல கைகளில் ஒரு சந்தை

குற்றாலத்தின் சிக்கல் வேறு. பேரூராட்சி, இந்து சமய அறநிலையத்துறை, வனத்துறை, பொதுப்பணித்துறை என ஒவ்வொன்றும் நிலத்தின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. கோயில் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட, 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதி வேண்டும். கோயில் சொத்தைக் காக்கும் நல்ல விதி அது. ஆனால் குறுகிய குத்தகையும் சீசன் ஏலமும் சேரும்போது, கொட்டகைக் கடைக்கு மேல் எதையும் கட்ட யாருக்கும் துணிவு வராது. ஏலத்தொகையை மூன்று மாதத்தில் ஈட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் கடை, நடைபாதையை நோக்கி நீள்கிறது.

அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது தேவையான நடவடிக்கை. அருவிக்கரையில் எதை விற்கலாம் என்பதையே அது மறைமுகமாகத் தீர்மானித்தது. திட்டமிடுவோர் முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய பணி அது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. கூட்டமும் கடைகளும் நீர்வழிக்கு எவ்வளவு அருகில் இருக்கலாம் என்ற கேள்வியை இனி எந்தத் திட்டமும் தவிர்க்க முடியாது.

2014: எண்ணிக்கையின் எல்லை

தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 பெரும் முன்னேற்றம். வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடிக்கும்வரை அவர்களை வெளியேற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மரபாகக் கூடும் சந்தைகளை மதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற உச்சவரம்பையும் வைக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 70,545 பேர் கொண்ட தென்காசி நகராட்சிக்கு அது ஏறத்தாழ 1,760 வியாபாரிகள். சில ஆயிரம் பேரே குடியிருக்கும் குற்றாலத்துக்கோ, ஆயிரம் குடிமக்களுக்கு 25 பேர்தான். சாரல் காலத்தில் அங்கே கூடும் கூட்டத்துக்கு இக்கணக்கில் இடமில்லை. மங்குஸ்தானும் பலாச்சுளையும் நேந்திரம் சிப்ஸும் விற்கும் சிறு வியாபாரி, சட்டம் காக்க நினைத்த மனிதராக இருந்தும் அதன் கணக்குக்கு வெளியே நிற்க நேர்கிறது.

முடிவுரை

தீர்வுக்கான வழிகள் பெரும்பாலும் இருக்கும் சட்டங்களிலேயே உள்ளன. நிலையான வியாபாரி, நடமாடும் வியாபாரி என்ற வகைகளோடு வேறு வகைகளையும் மாநிலத் திட்டத்தில் சேர்க்க 2014 சட்டம் இடம் தருகிறது. அதன்கீழ் சீசன் வியாபாரிக்குத் தனிச் சான்று வழங்கலாம். உச்சவரம்பைக் கணக்கிடும்போது பயணிகளின் வருகையையும் சேர்க்கும் திருத்தத்தை மாநில அரசு கோரலாம். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உருவாக்கிய மாவட்டத் திட்டக் குழுவின் மூலம் தென்காசியையும் குற்றாலத்தையும் ஒரே வணிகப் பரப்பாக வகுக்கலாம். வாகன நிறுத்தம், கிடங்கு, மொத்த விற்பனை ஆகியவை தென்காசியில் அமையட்டும். அருவிக்கரைகளில் சிறு வியாபாரமும் மக்கள் நடப்பதற்கான இடமும் மட்டும் இருக்கட்டும். ஏலத்தை எடுப்பவர் யார் என்று கேட்பதற்கு முன், அந்த இடம் எத்தனை கடைகளைத் தாங்கும் என்று அளந்து பார்ப்பதே இவ்வட்டாரத்துக்கு உடனடித் தேவை.