அயர்லாந்தின் றக்பி வரலாறு: இரசிகர்க்கு ஒரு வினா

விளையாட்டு இரசிகரின் அறிவை அளக்க விழைவோர் பெரும்பாலும் ஆண்டுகளையும் புள்ளிகளையுமே வினவுவர். நம் நாட்டில் றகர் எனவும் வழங்கும் றக்பி ஆட்டத்தில், அயர்லாந்தின் முதற் பன்னாட்டுப் போட்டி எது? 1875இல் இலண்டன் ஓவல் திடலில், பக்கத்துக்கு இருபதின்மராக ஆடி இங்கிலாந்திடம் தோற்ற போட்டி. எதிர்த்தோர் அனைவரையும் வென்று 'கிராண்ட் ஸ்லாம்' என்னும் முழுவெற்றியை முதன்முதல் எய்தியது எங்கே? 1948இல், பெல்பாஸ்ற் நகரின் றேவன்ஹில் திடலில், வேல்ஸ் அணியை 6-3 என வென்றபோது. (அன்றைய அணித்தலைவர் கார்ள் மலன் 1950இல் தலைமை தாங்கிய பிரித்தானிய லயன்ஸ் அணி, தாயகம் திரும்பும் வழியில் கொழும்பிலும் ஆடியது என்பது நம்மவர் அறியத்தக்கது.) அடுத்த முழுவெற்றி 61 ஆண்டுகள் கழித்து, 2009இல் கிட்டியது.

இவற்றை நெட்டுருச் செய்தோர் எவரும் விடை கூறிவிடுவர். வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினா வேறு. அம் முதல் வெற்றியைக் கண்ட பெல்பாஸ்றில், 1954 முதல் 2007 வரை அயர்லாந்தின் தலையாய அணி ஒரு பன்னாட்டுப் போட்டியேனும் ஆடாமை ஏன்?

1874இல் டப்ளினில் ஒரு சங்கமும், அதனையடுத்து பெல்பாஸ்றில் பிறிதொரு சங்கமும் தோன்றின. சில ஆண்டுகளில் அவை ஒன்றாயின. நாடு ஒன்றாயிருந்த காலத்து இரண்டாக நின்ற ஆட்டச் சங்கம், 1921இல் நாடு இரண்டானபோது ஒன்றாகவே நிலைத்தமை விந்தையே. உதைபந்தாட்டச் சங்கமோ பிளவுண்டது. அல்ஸ்ரர், மன்ஸ்ரர், லென்ஸ்ரர், கொனாற் என்னும் நான்கு மாகாணத்து வீரரும் ஒரே பச்சைச் சட்டையை அணிந்தனர். இதனைப் பெருந்தன்மை எனப் புகழ்வாருளர். இரு பகுதிகளிலும் உயர், நடுத்தர வகுப்பாரின் கல்லூரிகளில் வேரூன்றிய ஆட்டமாதலின், அவரிடையே நிலவிய பழைய தொடர்பே அதனைக் காத்தது என்பது என் கருத்து.

ஆயினும் அவ்வொற்றுமை எளிதிற் பேணப்படவில்லை. 1954இல் ஸ்கொத்லாந்துடன் றேவன்ஹில்லில் ஆடவிருந்த வேளை, பிரித்தானியத் தேசிய கீதத்துக்கு அணிவகுத்து நிற்கத் தென்பகுதி வீரர் மறுத்தனர். இணக்கம் காணப்பட்டு ஆட்டம் நடந்தது; அதன்பின் அணியின் சொந்தமண் ஆட்டங்கள் டப்ளினுக்கே உரியவாயின. வினாவுக்கு விடை இதுவே.

1972இல் அயர்லாந்து பாரிசிலும் இலண்டனிலும் வென்றது. வடபகுதிக் கலவரங் காரணமாக ஸ்கொத்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வர மறுத்தமையால் அவ்வாண்டின் போட்டித்தொடர் முடிவுறாதே நின்றது. மறுஆண்டு இங்கிலாந்து வந்தது. திடலில் இறங்கிய அவ்வணியை மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கரகோஷஞ் செய்து வரவேற்றனர். பின்னர் அயர்லாந்து 18-9 என வென்றது.

அதனினும் அரியது 2007 பெப்ரவரியில் நிகழ்ந்தது. லான்ஸ்டவுன் றோட் திடல் புதுக்கப்பட்டமையால், கேலிக் ஆட்டங்களின் கோயிலாகிய குறோக் பார்க் றக்பிக்குத் திறந்துவிடப்பட்டது. 1920இல் பிரித்தானியப் படையினர் சுட்டதில் பதினால்வர் மாண்ட இடம் அது. அங்கே பிரித்தானிய கீதம் இசைக்கப்பட்டபோது கூட்டம் அமைதி காத்தது. அயர்லாந்து 43-13 என வெற்றி பெற்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் இத்தாலிக்கு எதிராக அணி மீண்டும் றேவன்ஹில்லில் ஆடியது. ஆங்கு இசைக்கப்பட்டது எந்நாட்டின் கீதமும் அன்று. 1995இல் இவ்வணிக்கெனவே இயற்றப்பட்ட பாடலே.