தரம் 3 பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?

போன தவணை விடுமுறையில் எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு அம்மா போனைக் கொண்டுவந்து நீட்டினாங்க. மகள் தரம் 3. கணிதத்துக்குப் புள்ளி குறைவு. டியூசனில் "பிள்ளை பின்தங்கிட்டா" என்று சொல்லிட்டாங்களாம். யாரோ வட்ஸ்அப்பில் ஆசிரியர் வழிகாட்டியை அனுப்பியிருக்காங்க, தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் இருக்கிற அதே கோப்பு. பக்கம் பக்கமாகப் போகுது. "இதில எங்கட பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டாங்க.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க இந்தப் பாடத்திட்டங்களில்தான் படிச்சு வந்தோம். ஆனால் ஒருத்தர்கூட ஒரு ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து பார்த்ததில்லை. பிறகு தேடத் தொடங்கினோம், அது வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

1867 இல் மோர்கன் குழு அறிக்கை வந்தது. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. 1870 இலிருந்து உதவி பெறும் பாடசாலைகளுக்கு 'பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு' என்ற முறை. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்கைச் சோதிப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்ப பாடசாலைக்குப் பணம். இங்கிலாந்தில் 1862 இல் வந்த திருத்திய கோவையிலிருந்து எடுத்த யோசனை அது. பிள்ளைகளை 'ஸ்டாண்டர்ட்' என்று அடுக்கியதும் அந்தக் கோவைதான். இன்றைக்கும் வயசானவங்க "நான் எட்டாம் ஸ்டாண்டர்ட் வரைக்கும் படிச்சேன்" என்று சொல்லுறதைக் கேட்டிருப்பீங்க. பிறகு அது 'வகுப்பு' ஆனது, 'ஆண்டு' ஆனது, இப்போது 'தரம்'. தமிழில் தரம் என்றால் பொருளின் தரமும்தான். பிள்ளையைத் தரம் பிரிக்கிறது என்பது எங்கட மொழியில் ரொம்ப நேரடியாகவே கேட்கிறது!

அந்தக் காலத்தில் அளவுகோல் யார் கையில் இருந்தது? ஆய்வாளர் கையில், பாடசாலை முகாமையாளர் கையில். ஆசிரியருக்கு அது வயிற்றுப் பிரச்சினை. அதனால் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பெற்றோர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி கதவைத் திறந்தது. உள்ளே என்ன படிப்பிக்கிறாங்க என்பது பெற்றோருக்குத் தெரிய இன்னும் காலம் எடுத்தது. அந்த இடைவெளியைப் பரீட்சை நிரப்பியது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் வருஷா வருஷம் வினாத்தாளை வெளியே விட்டன. இந்த நாட்டில் பொதுமக்கள் கையில் உண்மையில் கிடைத்த பாடத்திட்டம் பாஸ் பேப்பர்தான் என்பது எங்கட முடிவு. டியூசன் கடைகள் அதன் மேல்தான் எழும்பின.

1972 சீர்திருத்தம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம், ஒருங்கிணைந்த விஞ்ஞானம், பள்ளிக்குச் சேரும் வயதிலும் மாற்றம். 1977 இல் ஆட்சி மாறியதும் பழைய பரீட்சைக்கே திரும்பினாங்க. நடுவில் மாட்டிய பிள்ளைகள் இன்றைக்குத் தாத்தா பாட்டிமார். 

எங்கட பார்வையில் பெரிய திருப்பம் 1980. அந்த வருஷம் இலவசப் பாடநூல் வந்தது. வாங்க வசதி இல்லாத வீட்டுக்கும் அரசாங்கம் என்ன படிக்கச் சொல்லுது என்பது புத்தகமாக வந்து சேர்ந்தது. 1985 இல் சட்டம் போட்டு தேசிய கல்வி நிறுவகத்தை அமைத்தாங்க. மகரகமயில் இருக்கிறது. அதிலிருந்து பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் அங்கிருந்துதான்.

அடுத்தது 1997 சீர்திருத்தம். 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி, 1999 இல் நாடு முழுக்கத் தரம் 1 க்கு வந்தது. ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தாங்க: தரம் 1, 2 ஒன்று, 3, 4 ஒன்று, தரம் 5 தனியாக. ஒவ்வொரு நிலை முடிவிலும் எல்லாப் பிள்ளையும் கட்டாயம் பெற வேண்டிய 'அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள்' என்று ஒரு பட்டியல். அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்! கால் நூற்றாண்டாக இருக்கிற பதில். எங்கட ஒழுங்கையில் விசாரித்தோம், ஒரு பெற்றோரும் கேள்விப்பட்டதில்லை.

2007 இல் தேர்ச்சி மையப் பாடத்திட்டம், 'ஐந்து ஈ' முறையோடு தரம் 6 க்கும் 10 க்கும் வந்தது. (பெயரைப் பார்த்து நாங்களும் சிரிச்சோம். ஈடுபடுத்து, ஆராய், விளக்கு என்று போகிற ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது.) வழிகாட்டிகள் தடித்தன. ஆசிரியர் வகுப்பில் எப்படி நிற்க வேண்டும் என்பதுவரை சொல்லுகிற புத்தகத்தில் பெற்றோருக்கு ஒரு பக்கம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறது. நிறுவகத்தின் தளம் ஒன்று, கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இன்னொன்று. தக்சலாவ என்பது தக்கசீலத்தின் சிங்களப் பெயர். மூன்று மொழியிலும், காசில்லாமல். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். முன்பு ஆய்வாளரின் பையில் இருந்தது இப்போது ஒரு அம்மாவின் போனில் இருக்கிறது.

ஆனால் போனில் இருப்பதும் விளங்குவதும் ஒன்றில்லை. பழைய தமிழ்க் கோப்புகள் பல யூனிகோட் இல்லாத, பாமினி மாதிரியான எழுத்துருவில் செய்தவை. உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் வராது, பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். மொழிநடையோ, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யோசித்துத் தமிழில் இறக்கி வைத்த மாதிரி. கொம்பனித்தெருவில் இது இன்னும் சிக்கல். ஒரே வீட்டில் உம்மா தமிழ் மொழிமூலம், வாப்பா சிங்கள மொழிமூலம், மூத்தம்மா மலாய் பேசுவாங்க. 'தேர்ச்சி மட்டம்', 'கற்றற்பேறு' என்ற சொற்களை அந்த வீட்டில் யார் யாருக்கு விளக்குவது?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு போன், மூன்று பிள்ளைகள், டேட்டா முடிந்தால் பாடமும் முடிந்தது. ஆசிரியர்களும் சொந்தப் போனில், சொந்தக் காசில்தான் படிப்பிச்சாங்க. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து அவங்க இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினது பலருக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் குறை சொன்ன அந்த மாதங்களில், இரண்டு பக்கமும் ஒரே பட்டியலைப் பார்த்துப் பேசியிருந்தால் கொஞ்சம் சண்டை குறைஞ்சிருக்கும் என்று நினைக்கிறோம்.

அந்த அம்மாவோடு ஒரு ஞாயிறு பின்னேரம் உட்கார்ந்தோம். தேர்ச்சிகளை ஒவ்வொன்றாக வாசிச்சு, மகளிடம் செய்து காட்டச் சொன்னோம். பெரும்பாலானவை அவளுக்கு வந்தன. வராதது கழித்தலில் ஒரு இடம், அதுவும் கடன் வாங்குகிற கணக்கு. டியூசன் கொப்பியில் இருந்ததெல்லாம் ஐந்தாம் தரப் பரீட்சைக் கணக்குகள்.

பட்டியலை ஒரு தாளில் சாதாரணத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, "இதைப் பள்ளியில மிஸ்ஸிடம் காட்டினா கோவிச்சுக்கொள்வாங்களா?" என்று கேட்டாங்க. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.