மெல்ட்டவுன், ஸ்பெக்டர்

2018 ஜனவரி 3 அன்று வெளியே தெரிந்த இரு பிராசஸர் குறைபாடுகள். அடுத்து வரும் கட்டளையை ஊகித்து, அனுமதியைச் சரிபார்த்து முடிப்பதற்குள்ளேயே வேலையைச் செய்துவைப்பது இன்றைய பிராசஸர்களின் வழக்கம். ஊகம் தப்பினால் விடை தூக்கி எறியப்படும். அதன் தடம் மட்டும் கேஷ் நினைவகத்தில் தங்கிவிடும். எந்தத் தரவு சட்டென்று கிடைக்கிறது என்று நேரத்தை அளந்தே பிறருடைய கடவுச்சொல்லைப் படித்துவிடலாம். மெல்ட்டவுன் பெரும்பாலும் இன்டெல் சிப்புகளின் குறை. ஸ்பெக்டர் ஏஎம்டியையும் ஏஆர்எம்மையும் விடவில்லை. கோவை கணபதியில் ஏதோ ஒரு பட்டறையில் பம்ப் உதிரிபாகத்துக்கு வரைபடம் போடும் பழைய இன்டெல் கம்ப்யூட்டரும் அமேசானின் கிளவுட் சர்வரும் இந்த விஷயத்தில் ஒரே வரிசையில் நின்றன.

இவற்றைச் சரிசெய்யப் பேட்ச் போட்ட அவசரத்துக்கு நேரமின்மையைக் காரணம் சொல்வதுண்டு. அது பொருந்தாது. கூகுளின் யான் ஹோர்ன் 2017 ஜூன் 1ஆம் தேதியே சிப் நிறுவனங்களுக்குத் தெரிவித்துவிட்டார். ஏழு மாதம் கையில் இருந்தது. அந்த ஏழு மாதமும் விஷயம் சில பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே பூட்டிவைக்கப்பட்டதுதான் கோளாறு. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட்டுக்கே இன்டெல் முன்கூட்டிச் சொல்லவில்லை. நிறையப் பேருக்குச் சொன்னால் கசிந்திருக்காதா என்று கேட்கலாம். சொல்லாமலும் கசிந்ததே! லினக்ஸில் கர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் மாற்றங்கள் சரியான காரணம் சொல்லாமல் அவசரமாகச் சேர்க்கப்பட்டதைப் பார்த்தவர்கள் ஊகித்துவிட்டார்கள். ஜனவரி 9க்குக் குறித்திருந்த அறிவிப்பு ஆறு நாள் முந்தியது. வெளியான பேட்ச்களின் லட்சணமும் அப்படித்தான். மைக்ரோசாஃப்டின் அப்டேட்டால் சில பழைய ஏஎம்டி கம்ப்யூட்டர்கள் பூட் ஆகவே இல்லை. இன்டெலின் புதிய மைக்ரோகோடு ஏறிய மெஷின்கள் தாமாகவே ரீபூட் ஆக, அதைப் போடுவதை நிறுத்துங்கள் என்று ஜனவரி 22 அன்று இன்டெலே சொல்லவேண்டி வந்தது. 64-பிட் விண்டோஸ் 7க்கு வந்த பேட்ச் இன்னும் மோசம்: மெல்ட்டவுன் நினைவகத்தைப் படிக்கத்தான் விட்டது, இது எழுதவும் விட்டது. மார்ச்சில் பாதுகாப்பு ஆய்வாளர் உல்ஃப் ஃபிரிஸ்க் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். திருட்டு எதுவும் நடந்ததாகத் தெரியாதபோது இவ்வளவு அவசரம் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. தாக்கும் வழி ஊரறிந்த பின் காத்திருப்பது சரியல்ல. ஆனால் சோதித்துப் பார்க்க இருந்த காலம் அதற்கு முந்தையது.

உள்நாட்டுச் சிப் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. சென்னை ஐஐடியில் வி. காமகோடி குழு உருவாக்கிய சக்தி பிராசஸரில் சி-வகை, கட்டளைகளை வரிசை மாறாமல் நிறைவேற்றும் எளிய வடிவம். இந்த வகைத் தாக்குதலுக்கு அதில் இடம் குறைவு என்றால் அந்த எளிமைதான் காரணம், பிறந்த மண் அல்ல. சக்தி பின்பற்றும் அதே ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பில், வேகத்துக்காக வரிசை மாற்றி இயங்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பூம் பிராசஸர் மீது ஸ்பெக்டர் தாக்குதலை 2019இல் ஆய்வாளர்கள் நடத்திக் காட்டிவிட்டார்கள்.