பிந்தி வந்த பாராட்டு

குந்தன் ஷா இயக்கிய ‘ஜானே பி தோ யாரோ’ என்னும் இந்திப் படம் 1983 ஆம் ஆண்டு வெளிவந்தபோது திரையரங்குகளில் பெருங்கூட்டம் திரளவில்லை. அரசுப் பணத்தில் எடுக்கப்பட்ட படமே அரசு அலுவலரின் இலஞ்சத்தைச் சாடிற்று என்பது வியப்பே. ஊழலை அம்பலப்படுத்த முனைந்த புகைப்படக்காரர் இருவரே, பாலம் இடிந்த பழியைச் சுமக்கின்றனர். இம்முடிவைச் சிரித்துக்கொண்டே ஏற்க அன்றைய மக்கள் பழகவில்லை போலும். திறனாய்வாளர் மதித்தனர், முதற்பட இயக்குநருக்கான தேசிய விருதும் கிட்டியது. மக்களின் அன்பு பின்னரே, தொலைக்காட்சி வழியே வந்தது.

ஆணையரின் சவம் திரௌபதியாய் மேடையேறும் காட்சி இதிகாசத்தை இழித்ததாகாது. துகிலுரிதற் கூத்தினிடையே கட்டியங்காரன் நகைப்பூட்டுவதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர்.

2015 இல், சகிப்பின்மையைக் கண்டித்துக் குந்தன் ஷா அவ்விருதைத் திருப்பியளித்தார். இத்தகைய படத்தை இனி எடுக்கவியலாது என்றும் அவர் கூறினார்.