வீட்டில் எஞ்சின் ஆயில் மாற்றுதல்: சேத்தியாத்தோப்பு வட்டாரம்

எஞ்சின் ஆயில் மாற்றுதல் என்பது காரின் எஞ்சினுக்குள் ஓடிக் களைத்த மசகு எண்ணெயை வடித்துவிட்டு, பில்டரைக் கழற்றிப் புதிது பூட்டி, புது எண்ணெய் ஊற்றும் பராமரிப்பு வேலை. பேச்சுவழக்கில் ‘ஆயில் சர்வீஸ்’. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பட்டறையில் நடக்கிறது. கூலி அதிகமில்லை என்பதால் கார் வைத்திருப்பவர்கள் கையில் கறை படுத்திக்கொள்வதில்லை. கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்கு மேற்கே வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களில் நிலைமை சற்று வேறு. டிராக்டர் உள்ள வீட்டில் ஸ்பேனர் பெட்டி இருக்கும். டிராக்டருக்கு ஆயில் மாற்றப் பழகிய கைக்குக் கார் கடினமில்லை. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. முடியாத பகுதி, வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது என்பது. இந்த ஊரில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு.

மசகு

மாட்டு வண்டியின் அச்சுக்கு ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துப் போட்டதுதான் பழைய மசகு. இன்று தமிழ்நாட்டில் ‘மசகு எண்ணெய்’ என்றால் எஞ்சினுக்கு ஊற்றுவது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையில் அதே சொல் கச்சா எண்ணெயைக் குறிக்கும். ஆமணக்கு இங்கு மட்டும் அச்சுக்குப் போகவில்லை. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நிறுவனம் 1909-இல் ஆமணக்கெண்ணெய் கலந்த எஞ்சின் ஆயிலை விற்கத் தொடங்கியது. ‘காஸ்ட்ரால்’ என்ற பெயர் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே.

உராய்வைக் குறைப்பது ஆயிலின் ஒரு வேலைதான். பிஸ்டன் பகுதியின் சூட்டை எடுத்துச் செல்வது, எரிந்த கரியை அடியில் படியவிடாமல் தன்னுள்ளேயே மிதக்க வைப்பது, எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிப்பது ஆகியவையும் அதன் பொறுப்பு. கறுத்த ஆயில் கெட்ட ஆயில் என்ற நம்பிக்கை இதனால் பாதிதான் சரி. டீசல் காரில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். கரியைப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் அதற்குப் பொருள். விரலில் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்கை நம்புவதைவிட, கிலோமீட்டரையும் நாட்களையும் எண்ணுவது மேல்.

கேனில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். முன் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின் எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டியையும் சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்று கடையில் சொல்வதுண்டு. வெளியே 30 டிகிரி ஆனாலும் 40 ஆனாலும், ஓடிச் சூடான எஞ்சினுக்குள் ஆயில் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகவே கையேட்டில் அச்சிட்ட எண்ணை மாற்றக் காரணமில்லை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிக்குப் பிந்தைய டீசல் கார்களில் புகைப்போக்கியில் கரி வடிகட்டி உண்டு. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை; விலை பார்த்து வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டி நாளடைவில் அடைபடும்.

எப்போது

பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது. டிராக்டருக்குத் தூரக் கணக்கு இல்லை, மணிக்கணக்கு. 250 மணி என்பது பரவலான அளவு. கரும்பு வெட்டுக் காலத்தில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் வண்டிகளுக்குப் பின்னால் புழுதியில் ஊர்ந்தும், கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடியும் வாழும் கார், கையேட்டின் மொழியில் ‘கடின உபயோகம்’. எஞ்சின் முழுதாகச் சூடாகாத குறுந்தூர ஓட்டத்தில் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும். இத்தகைய கார்களுக்குக் கெடுவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் தனிக் கணக்கு. 2015 நவம்பரில் நடந்ததுபோல் தண்ணீர் ஏறி, கார் கதவுமட்டம் வரை நின்றிருந்தால் சாவியைத் தொடுமுன் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சினை இயக்கவே கூடாது.

வேலை

ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சற்று ஆறவிட்டால் ஆயில் இளகி நன்றாக வடியும். தரை சமமாக இருக்க வேண்டும். நெல் காயவைக்கும் சிமென்ட் களம் இதற்கு வாகானது. வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு அல்லது சாய்தளம் வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி நிறுத்துவது கிராமத்தில் சகஜம். செங்கல் எச்சரிக்காமல் உடையும்.

ஆயில் தொட்டியின் அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டைப் பெட்டி ஸ்பேனரால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். முதல்முறை செய்பவர்களின் பெருந்தவறு இங்கேதான்: கியர் பெட்டிக்கும் இதைப்போலவே ஒரு போல்ட் உண்டு. அதைத் திறந்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் இருக்கும் ஆயிலுக்கு மேல் இன்னும் மூன்று லிட்டர் ஊற்றிய கதைகள் பட்டறைகளில் தாராளமாகக் கிடைக்கும். வடிந்ததும் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, கையேட்டு முறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். அலுமினியத் தொட்டியில் பலம் காட்டினால் மரை போய்விடும்.

பில்டர் டப்பாவைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்ப்பது முக்கியம். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்க, அதன்மேல் புது பில்டரைப் பூட்டினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் பீறிட்டுக் களத்தில் கிடக்கும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி, தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று போதும். சில கார்களில் டப்பாவுக்குப் பதில் காகித உறைதான் மாறும்; அங்கே மூடியின் வளையத்தை மாற்ற வேண்டும்.

சிறிய பெட்ரோல் கார்களுக்கு மூன்று லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும். சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆயிலுக்கான சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்து நிறுத்தி, கசிவு இருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்த்து, பத்து நிமிடம் கழித்து ஆயில் மட்டத்தை டிப்ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கு நடுவே கொண்டுவர வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஆயிலை மத்துபோலக் கடைந்து நுரையாக்கும். நுரை மசகு ஆகாது. காலி கேனைக் கத்தியால் கிழித்துவிடுவது நல்ல வழக்கம். முழுசான கேன் போலி ஆயில் அடைப்பவர்களுக்கு விலைபோகும்.

பழைய ஆயில்

வேஸ்ட் ஆயிலுக்கு ஊரில் நூறு உபயோகம். கான்கிரீட் ஒட்டாமலிருக்க சென்ட்ரிங் பலகையில் பூசுவார்கள். கரையான் வராமலிருக்க மரத்தில் தடவுவார்கள். கொசுவுக்காக மரத்தூளை இதில் ஊறவைத்து உருண்டையாகக் கட்டிச் சாக்கடையில் போடுவதை உள்ளாட்சிகளே செய்வதுண்டு. எல்லாமே கடைசியில் மண்ணுக்கோ நீருக்கோ போகிற வழிகள். எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகளும், எரிதலில் உண்டான நச்சு வேதிப்பொருள்களும் அதில் கலந்திருக்கின்றன. நீரில் படலமாகப் பரவினால் காற்று உள்ளே போகாது.

சேத்தியாத்தோப்பில் அந்த நீர் யாருடையது என்று பார்த்தால் கணக்கு நீளும். சோழர் காலத்து வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004-இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டத்தில் ஏரி நீர் இவ்வூரை ஒட்டிய பூதங்குடியில் எடுக்கப்பட்டு, நெய்வேலி அருகே வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னையை அடைகிறது. நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் என்பது திட்ட அளவு. ஊரின் அணைக்கட்டில் தேங்கும் வெள்ளாற்று நீர் வாய்க்கால்களில் பிரிந்து கீழ்மடை வயல்களுக்குப் போகிறது.

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய ஆயிலையும் தம் வரம்புக்குள் வைத்துள்ளன. 2023-இல் வந்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் பழைய ஆயிலை மறுசுழற்சிக்குத் திருப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். முறையாகச் சுத்திகரித்தால் அது மீண்டும் மசகு எண்ணெயாகும். ஆனால் வீட்டில் மாற்றியவரின் மூன்று லிட்டரை வாங்க வீடு தேடி யாரும் வருவதில்லை. நடைமுறை வழி, மூடியுள்ள கேனில் பிடித்து, உரிமம் பெற்றவருக்கு விற்கும் பட்டறையின் பீப்பாயில் கொண்டுபோய் ஊற்றுவதுதான். தண்ணீரோ பெட்ரோலோ கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு எடுக்க மறுப்பார்கள்.

கழற்றிய பில்டரை உடனே எறியக் கூடாது. சூடாக இருக்கும்போதே கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டால் உள்ளே தேங்கிய ஆயிலும் இறங்கும். அதையும் அதே கேனில் சேர்த்துக்கொள்ளலாம்.