118 பக்கம், 20 கேள்வி, நடுவுல ஒரு வெள்ளம்

இந்த எபிசோட்ல பத்து வருஷம் பின்னாடி போறோம். நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமநிலைன்னு ஒரு சண்டை நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? "பத்து லட்சம் பேர் மெயில் அனுப்பினாங்க, அரசாங்கம் பணிஞ்சுது"ன்னு அதை ஒரே வரியில முடிச்சிடுவாங்க. எனக்கு அந்தக் கதையில பாதிக்குத்தான் உடன்பாடு.

2014 டிசம்பர்ல ஏர்டெல், இணையம் வழியா பேசுற கால்களுக்குத் தனிக் கட்டணம்னு அறிவிச்சு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வச்சுது. 2015 பிப்ரவரியில ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் கொண்டுவந்துச்சு. சில தளங்கள் மட்டும் இலவசம், மத்ததுக்கு டேட்டா போடணும். இது முதல்ல இறங்கின இடங்கள்ல சென்னையும் தமிழ்நாடும் உண்டு. நான் அப்ப மணலி புதுநகர்ல இருந்து காலேஜுக்குப் போய்க்கிட்டிருந்தேன். ஒரு ஜிபியை மாசம் பூரா இழுத்து ஓட்டுற காலம். இலவசம்னா யாருக்குக் கசக்கும்?

மார்ச் 27 அன்னைக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுச்சு. 118 பக்கம், 20 கேள்வி, பதில் சொல்ல நாலு வாரம். மணலிப் பக்கம் வளர்ந்தவங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் புதுசு இல்ல. பெரிய தொழிற்சாலை வருதுன்னா, 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி அறிக்கையோட சுருக்கத்தை உள்ளூர் மொழியிலயும் தரணும். மக்கள் நேர்ல வந்து மைக்கைப் பிடிச்சுக் கேக்கலாம். அது எவ்வளவு ஒழுங்கா நடக்குதுங்கிறது வேற எபிசோட். ஆனா காகிதத்திலயாவது அந்த உரிமை இருக்கு. என் போன்ல எது ஓடணும்னு கேக்குற அறிக்கையை மட்டும் இங்கிலீஷ்ல, இணையத்துல தேடிப் படிச்சுக்கணும்.

அதை உடைச்சது இளைஞர்கள்தான். 'சேவ் தி இன்டர்நெட்'ங்கிற பேர்ல புரோகிராமர்கள், வக்கீல்கள், பத்திரிகையாளர்கள் சேர்ந்து 20 கேள்விக்கும் பதில் எழுதி, டிராய்க்கு மெயிலா அனுப்புற மாதிரி ஒரு தளம் போட்டாங்க. ஏஐபி காமெடி குழு வீடியோ போட்டுச்சு. மெயில் பத்து லட்சத்தைத் தாண்டுச்சு. டிராய் அத்தனையையும் அனுப்பினவங்க மெயில் ஐடியோட சேர்த்து வெளியிட்டது தனிக் கூத்து.

அப்புறம் டிசம்பர் வந்துச்சு. பூண்டி ஏரியில திறந்த தண்ணி கொசஸ்தலையாறு வழியாத்தான் எண்ணூர் கடலுக்குப் போகணும், வழியில நாங்க இருக்கோம். மணலி புதுநகருக்குள்ள தண்ணி வந்துச்சு. அந்த நாட்கள்ல சென்னைரெயின்ஸ்.ஆர்க்னு ஒரு தளத்தைத் தன்னார்வலர்கள் அவசர அவசரமா கட்டினாங்க. எங்க தங்கலாம், யாருக்கு என்ன வேணும்னு எல்லாரும் தகவலைக் கொட்டினாங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வச்சு, தண்ணி நிக்கிற தெருவை யார் வேணும்னாலும் குறிக்கிற மாதிரி ஒரு வரைபடமும் வந்துச்சு. இதையெல்லாம் போட யார்கிட்டயும் அனுமதி கேக்கல.

இங்கதான் எனக்கு அந்த விவாதம் புரிஞ்சுது. இன்டர்நெட்.ஆர்க் அதுக்குள்ள 'ஃப்ரீ பேசிக்ஸ்'னு பேர் மாறியிருந்துச்சு. அதுல இடம் பிடிக்கணும்னா ஃபேஸ்புக்கிட்ட விண்ணப்பிக்கணும். அவங்க 2015 மே மாசம் வெளியிட்ட விதிகள்படி ஜாவாஸ்கிரிப்ட் இல்லாம ஓடாத தளத்துக்கு இடமே இல்ல. தெருவைக் குறிக்கிற வரைபடம் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாம எப்படி ஓடும்? காசில்லாதவனுக்குக் கிடைச்சிருக்கக்கூடிய 'இணையத்துல' அவனோட ஏரியாவில தண்ணி எங்க நிக்குதுங்கிற தகவல் இருந்திருக்காது.

தண்ணி முழுசா வடியுறதுக்குள்ள, டிசம்பர் 9 அன்னைக்கு, டிராய் இரண்டாவது அறிக்கையைப் போட்டுச்சு. இந்தத் தடவை நாலே கேள்வி. ஃபேஸ்புக் முழுப் பக்க விளம்பரம் கொடுத்துச்சு. ஆப்பைத் திறந்தா 'ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாத்துங்க'ன்னு டிராய்க்கு மெயில் அனுப்பச் சொல்லும். வந்த கருத்து மொத்தம் 20 லட்சத்துக்கு மேல, அதுல பெரும்பான்மை ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவு.

எண்ணிக்கைதான் முடிவு பண்ணும்னா, ஃபேஸ்புக் ஜெயிச்சிருக்கணும். ஆனா அந்த மெயில்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலைன்னு டிராய் எடுத்துக்கிச்சு. எதிர்த்தரப்புல பசங்க கட்டணம், போட்டி, மாற்று வழின்னு கேள்வி வாரியா பதில் எழுதியிருந்தாங்க. 2016 பிப்ரவரி 8 அன்னைக்கு விதி வந்துச்சு: எந்தத் தளத்தைப் பாக்குறோம்ங்கிறதை வச்சு டேட்டா விலையை மாத்தக் கூடாது. மீறினா நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். பொது அவசரக் காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கைப் படிக்கும்போது எனக்கு எங்க தெருதான் ஞாபகம் வந்துச்சு. சில நாள்ல ஃபேஸ்புக் ஃப்ரீ பேசிக்ஸை இந்தியாவுல மூடிடுச்சு.

ஜெயிச்ச கூட்டம் பெரும்பாலும் இங்கிலீஷ் படிச்ச, லேப்டாப் வச்சிருந்த கூட்டம்ங்கிறதையும் சொல்லணும். எங்க ஏரியா ஐடிஐ பசங்க அந்த 20 கேள்வியைப் பாத்திருக்கவே வாய்ப்பில்ல. ஆனாலும் ஒரு விஷயம் அப்ப இருந்துச்சு. யார் என்ன எழுதினாங்கன்னு எல்லாரும் படிக்கலாம், மறுப்பும் எழுதலாம்.

2025 ஜனவரியில தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட வரைவு விதிகளை மத்திய அரசு கருத்துக்கு விட்டுச்சு. 18 வயசுக்குக் கீழ இருக்கிற யாரோட தரவை எடுக்கணும்னாலும் பெற்றோர் சம்மதம் வேணும்னு சொல்ற சட்டம் அது, பதினேழு வயசுப் பாலிடெக்னிக் பையனையும் சேர்த்து. வர்ற கருத்துகளை எந்தக் கட்டத்துலயும் யாருக்கும் வெளியிட மாட்டோம்னு அறிவிப்பிலேயே எழுதியிருந்தாங்க. நவம்பர்ல விதிகள் அமலுக்கு அறிவிக்கப்பட்டுச்சு. அதுல அந்தப் பதினேழு வயசுக்காரங்க யாராவது எழுதினாங்களா, என்ன எழுதினாங்கன்னு நீங்களும் நானும் போய்ப் படிக்க வழியில்ல.